மீட்டர்காரர் வீட்டுக் குடமிளகாய்

டேப் அக்காவுக்கு வேறு ஒரு பெயர் உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. துணிக்கடையின் மாடியில், ஆல்டரேஷன் பிரிவில், கழுத்தில் இஞ்ச் டேப்பைப் போட்டுக்கொண்டு பாதி ஆயுளைக் கழித்தவளை உலகம் வேறு எப்படிக் கூப்பிடும்? சில நாள் அதைக் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறிவிடுவாள். கண்டக்டர் பார்த்துச் சிரிப்பார். வீட்டுக்குப் போய் முகம் கழுவும்போது டேப் நனைந்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வரும்.

வேலையில் அவளிடம் ஒரு குறை சொல்ல முடியாது. எதிரே வந்து நிற்கிற ஆளை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தால் போதும், இடுப்பளவு சொல்லிவிடுவாள். "முப்பத்தாறுன்னு சொல்லிட்டு முப்பத்தெட்டை ஒளிச்சு வெச்சிருக்கீங்களே சார்" என்று முகத்துக்கு நேரே கேட்பாள். கேட்டவர் அவசரமாக வயிற்றை எக்கிக்கொள்வார். பக்கத்து மிஷினில் பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்கிறவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். இந்தக் காஜாக்காரிதான் டேப் அக்காவுக்கு உலகத்தில் இருந்த ஒரே சிநேகிதி. ஒரே டப்பாவில் சாப்பிடுகிற அளவுக்குச் சிநேகம்.

இப்படி ஊராரின் இடுப்பையெல்லாம் கண்ணால் அளந்தவள், தன் முதல் புருஷனின் நெஞ்சுக்குள் இருந்ததைக் கோட்டை விட்டாள். அவன் சரக்கு வண்டி ஓட்டினான். வீட்டுக்கு வந்தால் சாய்ந்து உட்கார்ந்து இடது தோளைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். ஒரு நாள் இவள் பொறுக்க முடியாமல், "நெஞ்சு வலிக்குதா?" என்று கேட்டாள். அவ்வளவுதான், வீடே இரண்டுபட்டது. "உனக்கு வேற வேலையே இல்லையா, நல்லா இருக்கறவனைப் படுக்க வெக்கப் பாக்குறியா" என்று கத்தினான். அதற்குப் பிறகு அவன் அவள் முன்னால் தோளைத் தொட்டதேயில்லை. குணமாகிவிட்டது என்று நினைத்தாள், பைத்தியக்காரி. ஒரு காலையில், நிறுத்தி வைத்த வண்டியின் சீட்டிலேயே போய்விட்டான்.

சாவு வீட்டில் அவனுடைய சக டிரைவர்கள் வந்து நின்று, "ஆறு மாசமா வலின்னு சொல்லிட்டே இருந்தானேம்மா, உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார்கள். செத்ததைக்கூட அவள் ஒரு மாதிரி தாங்கிக்கொண்டாள். இந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. டிரைவர்களுக்கெல்லாம் தெரிந்தது, டீக்கடைக்காரருக்குத் தெரிந்தது, கூடவே படுத்திருந்தவளுக்குத் தெரியவில்லை. அந்த அவமானம் வருஷக்கணக்கில் அவளுக்குள் அப்படியே கிடந்தது.

பிறகு ஒன்பது வருஷம் தனியாக இருந்தாள். தனியாக இருப்பவர்கள் சமைப்பதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எழுத ஒன்றும் இல்லை என்பதுதான் காரணம். ஒரு ஆளுக்குச் சமைத்தால் எதுவும் அளவாக வராது. மிஞ்சும், அடுத்த வேளைக்கும் அதுவே ஆகும், அதற்கடுத்த வேளை பார்த்தாலே பிடிக்காது. கடைசியில் ரொட்டியை வாங்கி டீயில் நனைத்துத் தின்றுவிட்டுப் படுத்துவிடுவாள். டிவியைப் போட்டுவிடுவாள், பார்ப்பதற்கு அல்ல, வீட்டில் யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக.

அப்போதுதான் ஒரு அம்மாள் கவுனைத் தளர்த்த வந்தவள் இவளைப் பார்த்துவிட்டுப் போனாள். மறுவாரமும் வந்தாள். இந்தத் தடவை கையில் துணியே இல்லை. "என் தம்பி ஒருத்தன் இருக்கான். தண்ணி மீட்டர் பாக்குற வேலை. பெண்டாட்டி கொஞ்ச நாள் உடம்பு சரியில்லாம இருந்து போயிட்டா. புள்ள குட்டி கிடையாது. வாயில விரலை வெச்சாலும் கடிக்கத் தெரியாதவன்" என்றாள். இவள், "எனக்கும் கடிக்கத் தெரியாதுங்க" என்று சொல்லிவைத்தாள். அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. பதிவு அலுவலகத்தில் போய் ஆளுக்கு ஒரு கையெழுத்துப் போட்டார்கள். காஜாக்காரி சாட்சி. அவ்வளவுதான் கல்யாணம்.

புருஷன் வீட்டுக்கு அவள் வந்த முதல் நாள் மாலையே மீட்டர்காரர் இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார். டேப் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் புருஷன் அடுப்படி இருக்கும் திசையில் தலை வைத்துக்கூடப் படுத்தவன் அல்ல. இவரோ முட்டைகோஸை எடுத்து மெல்லிசாக நறுக்கினார். வெந்நீரில் ஊறப்போட்டார். அந்தத் தண்ணீரைக் கொட்டினார். வேறு தண்ணீர் வைத்து வேகவிட்டார். அதையும் வடித்துக் கொட்டினார். பிறகு வெந்த சோற்றோடு பிசைந்து, முட்டையின் வெள்ளையை மட்டும் எடுத்து ஊற்றி, ஒரு சிட்டிகை மிளகு போட்டுக் கலந்தார். குடமிளகாய்களின் தலையைச் சீவி, உள்ளே இருப்பதைக் கரண்டிக் காம்பால் குடைந்து எடுத்து, அவற்றையும் வெந்நீரில் முக்கி எடுத்து, கலவையை அடைத்து, அகலமான சட்டியில் நிற்கவைத்து மூடினார். உப்புப் போடவில்லை. எண்ணெய் காட்டியது போலக் காட்டினார்.

"ஏன் ரெண்டு தடவை வடிக்கிறீங்க?" என்று அவள் கேட்டாள்.

அவர் ஒரு கணம் தயங்கினார். "இப்படித்தான் பழக்கம். உடம்புக்கு நல்லது" என்றார்.

சாப்பிட உட்கார்ந்தார்கள். வாயில் வைத்ததும் அவளுக்குச் சப்பென்று போனது. நனைந்த காகிதத்துக்குக்கூட ஒரு ருசி இருக்கும். மீட்டர்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புது இடம், புது மனுஷன், அதுவும் தன் கையால் சமைத்துப் போட்டிருக்கிறார். "நல்லா இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அடுத்த ஒன்றரை வருஷம் விலை கொடுத்தாள்.

தினமும் அதே கதைதான். ஒரு நாள் குடமிளகாய், ஒரு நாள் சுரைக்காய், ஒரு நாள் வெள்ளரிக்காயைக் கூடக் குடைந்து அடைத்தார்கள். அவர் வேலை முடிந்து வருவார், இவள் கடையிலிருந்து வருவாள். இரண்டு பேரும் அடுப்படி மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, இவள் நறுக்க அவர் குடைவார், அவர் வடிக்க இவள் அடைப்பாள். வீட்டுக்குள் தக்காளி வராது. உருளைக்கிழங்கு, கீரை எதுவும் வராது. பழம் என்றால் ஆப்பிள் மட்டும். சாப்பாட்டின்போது மீட்டர்காரர் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் வைத்துக்கொள்வார். மருந்து குடிக்கிற டம்ளரை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதோடு சரி. வெயிலில் ஊரெல்லாம் சுற்றி, மண்டியிட்டு, குழிக்குள் தலையை விட்டு மீட்டர் பார்த்துவிட்டு வருகிற மனுஷனுக்கு அது எந்த மூலைக்கு?

பேச்சு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. "இன்னிக்கு ஒரு வீட்டுல நாய் துரத்திடுச்சு" என்பார். "கடிச்சுதா?" என்பாள். "இல்ல" என்பார். அன்றைய பேச்சு முடிந்தது. கெட்ட மனுஷன் அல்ல. குரலை உயர்த்தியதில்லை, சம்பளத்தைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்துவிடுவார், இவள் இருமினால் ஜன்னலைச் சாத்துவார். ஆனால் அவருக்கும் இவளுக்கும் நடுவில் ஏதோ ஒன்று இருந்தது. அவர் சில சமயம் காயைக் குடைவதை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார். என்ன என்று கேட்டால், "ஒண்ணுமில்லை" என்பார்.

கல்யாணமான இரண்டாவது மாசம் மத்தியானச் சாப்பாட்டின்போது, காஜாக்காரி அவளுடைய டப்பாவிலிருந்து ஒரு குடமிளகாயைப் பிய்த்து வாயில் போட்டாள். போட்டதும் மெல்லுவதை நிறுத்தினாள்.

"என்னக்கா இது, உப்பே இல்லை?"

"அவர் அப்படித்தான் செய்வார். காயை ரெண்டு தடவை வடிச்சு..."

"தண்ணியைக் கொட்டிடுவாரா?"

"ஆமா."

"தக்காளி கிடையாதா? தண்ணிகூட அளந்துதான் குடிப்பாரா?"

டேப் அக்கா தலையாட்டினாள். காஜாக்காரியின் முகம் மாறிவிட்டது. அவளுடைய அம்மா வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொள்கிறவள். "அக்கா, இது கிட்னி போனவங்க சாப்பாடு. எங்க அம்மாவுக்கு வீட்டுல இதேதான். அச்சு அசல் இதேதான்" என்றாள். பிறகு குரலை இறக்கி, "உன்கிட்ட சொல்லலையா?" என்று கேட்டாள்.

மறுபடியும் அதே கேள்வி. டேப் அக்கா கையில் இருந்த கவளத்தை டப்பாவிலேயே வைத்துவிட்டாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கேள்வியைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். கதவைத் திறந்தால் அவர் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார், முகத்தில் அந்தச் சின்னச் சிரிப்பு. கேட்க வாய் வரவில்லை. கேட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத்தான் தெரியுமே. கேட்டால் ஆண்கள் இன்னும் நன்றாக ஒளித்துக்கொள்வார்கள். தானாகச் சொல்லட்டும், நம்பிக்கை வந்தால் சொல்லுவார் என்று வாயை மூடிக்கொண்டாள்.

நாத்தனாரிடம் மட்டும் ஒரு தடவை போனில் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தாள். "அவருக்கு உடம்புக்கு ஏதாவது...?" என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லை. கண்டதையும் மனசுல போட்டுக் குழப்பிக்காதே" என்று நாத்தனார் பட்டென்று முடித்துவிட்டாள். அந்த அவசரமே போதும், டேப் அக்காவுக்குச் சந்தேகம் ஊர்ஜிதமாகிவிட்டது. குடும்பமே சேர்ந்து பூசி மெழுகுகிறது, தெரிந்தேதான் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று இரண்டு நாள் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மூன்றாம் நாள் ஆத்திரம் போய்ப் பயம் மட்டும் மிச்சமிருந்தது.

அதன் பிறகு அவள் வாழ்ந்ததை வாழ்க்கை என்று சொல்வதா, காவல் என்று சொல்வதா? காலையில் அவர் எழுந்ததும் முகம் வீங்கியிருக்கிறதா என்று பார்ப்பாள். மாடிப்படி ஏறி வரும்போது மூச்சு வாங்குகிறதா என்று கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் அசந்து தூங்கினால் போதும், கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வந்து வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் போவாள். வெளியில் போட்டுக்கொள்கிற பேன்ட்டை அவர் ஒரு நாள் நீட்டி, "லூசாயிடுச்சு, கொஞ்சம் பிடிச்சுக் கொடேன்" என்றார். பிடித்துக் கொடுத்தாள். நாலு மாசத்தில் மறுபடி அதே பேன்ட்டை நீட்டினார். ஊராருக்கெல்லாம் இடுப்பைப் பிடித்துத் தளர்த்திக் கொடுத்தவள், அந்தப் பேன்ட்டை மிஷினில் வைத்துக்கொண்டு, தைக்க முடியாமல் அழுதாள். காஜாக்காரி ஒன்றும் கேட்காமல் தன் மிஷினை வேகமாக ஓட்டிச் சத்தம் போட்டு அந்த அழுகையை மறைத்தாள்.

இத்தனைக்கும் நடுவில் அவளுக்கு ஒரு திருட்டுத்தனமும் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் உப்புக் கடலை வாங்கித் தின்பாள். நாக்கு செத்துப் போயிருந்தது, என்ன செய்வாள்? இறங்குவதற்கு முந்தின ஸ்டாப்பில் உதட்டைத் துடைத்துக்கொள்வாள். சாகக் கிடக்கிற மனுஷன் உப்பில்லாமல் சாப்பிடும்போது நமக்கு மட்டும் என்ன கடலை வேண்டிக்கிடக்கிறது என்று தன்னையே திட்டிக்கொள்வாள். மறுநாளும் வாங்குவாள்.

தனியாக இருந்த ஒன்பது வருஷத்தில் அவள் இவ்வளவு தனியாக இருந்ததில்லை. அப்போது வீட்டில் ஆள் இல்லை, அதனால் பேச்சு இல்லை. அதில் ஒரு நியாயம் இருந்தது. இப்போது கை எட்டுகிற தூரத்தில் ஒரு மனுஷர் உட்கார்ந்து குடமிளகாய் குடைகிறார், அவரிடம் பேச வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதைப் பேச முடியவில்லை. சில நாள் சட்டி மூடியைத் திறந்ததும் அந்த வெந்த காயின் வாசனை முகத்தில் அடிக்கும். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்த மாதிரி இருக்கும் அவளுக்கு.

ஒரு நாள் காஜாக்காரி தன் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, "கொடுக்க ஒரு ஆள் இருந்தா மாத்தி வெச்சுடலாம்னு டாக்டர் சொல்றார். ரெண்டு இருக்குல்ல, ஒண்ணு போதுமாம். எங்க வீட்டுல எல்லாருக்கும் சர்க்கரை, யாருது எடுக்கறது?" என்றாள். சும்மா சொன்ன பேச்சுதான். டேப் அக்காவின் கத்தரிக்கோல் துணியில் பாதியிலேயே நின்றுவிட்டது.

இதைக் காதல் என்று யாராவது சொன்னால் டேப் அக்காவே சிரித்திருப்பாள். ஐம்பதை நெருங்குகிற வயதில் காதலாவது கத்தரிக்காயாவது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். இன்னொரு தடவை சாவு வீட்டில் நின்றுகொண்டு, "உங்ககிட்ட சொல்லலையா?" என்று யாரும் கேட்கக் கூடாது. போன தடவை தெரியாமலே போய்விட்டது. இந்தத் தடவை தெரிந்துவிட்டது, இந்தத் தடவை முந்திக்கொள்ள வேண்டும். அதற்கு உடம்பிலிருந்து ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்றால், கொடுத்துவிட்டுப் போகலாம். அவளுக்குப் பெரிதாக வேறு என்ன சொத்து இருக்கிறது?

அரை நாள் லீவு போட்டாள். கடைக்குப் பின்னால் உள்ள சந்தில் ரத்தம் டெஸ்ட் எடுக்கிற இடத்துக்குப் போய்க் கையை நீட்டினாள். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, உடம்பு கல்லாட்டம் இருக்கிறது என்றார்கள். அவர் கழுத்தில் தொங்குகிற ஆபீஸ் அட்டையில் அவருடைய ரத்த வகை போட்டிருக்கும், அதை அவள் எப்போதோ மனப்பாடம் செய்துவைத்திருந்தாள். இரண்டும் ஒன்று. சந்திலிருந்து வெளியே வந்தபோது அவளுக்கு ஏனோ சந்தோஷமாக இருந்தது. அன்றைக்குக் கடலை வாங்கவில்லை.

சனிக்கிழமை. கடையில் மராமத்து வேலை என்று சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். மீட்டர்காரரும் வீட்டில் இருந்தார். ஜன்னல் வழியாக வெயில் அடுப்படி மேஜையின் பாதி வரைக்கும் விழுந்திருந்தது. அவர் பக்கம் நாலு குடமிளகாய், இவள் பக்கம் இரண்டு. அவள் முட்டைகோஸை நறுக்கி முடித்து, முதல் தண்ணீரில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவர் ஒரு காயை எடுத்துத் தலையைச் சீவினார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"என்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணை நீங்க எடுத்துக்கோங்க."

மீட்டர்காரர் அவள் முன்னால் இருந்த தட்டைப் பார்த்தார். "எனக்கே இங்க நாலு இருக்கு. நீயே வெச்சுக்க" என்றார்.

"ஐயோ, அது இல்லைங்க. கிட்னி."

"எந்தக் கிட்னி?"

"என்னோட கிட்னி."

அவர் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தார். "யாருக்கு?"

"யாருக்குன்னு கேட்டா? உங்களுக்குத்தான். டெஸ்ட் எல்லாம் எடுத்துட்டேன். ரத்தம் சேருது, சர்க்கரை இல்லை, ஒண்ணும் இல்லை. ஒண்ணை வெச்சுக்கிட்டே நல்லா இருக்கலாமாம். ஆபீஸ்ல எவ்வளவு நாள் லீவு கிடைக்கும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க, நானும் கடையில சொல்லணும்."

"எனக்கு எதுக்கும்மா உன் கிட்னி?"

அதோடு அவள் பொறுமை அறுந்தது. ஒன்றரை வருஷமாக மென்று விழுங்கியதெல்லாம் வெளியே வந்து விழுந்தது. "இன்னுமா மறைக்கிறீங்க? காயை ரெண்டு தடவை வடிச்சுக் கொட்டறது எனக்குத் தெரியாதா? உப்பு இல்லை, தக்காளி இல்லை, ஒரு வாய் தண்ணியை அளந்து குடிக்கிறது எதுக்குன்னு தெரியாதா? பேன்ட்டை ரெண்டு தடவை பிடிச்சாச்சு. உங்க அக்காகிட்ட கேட்டா பூசி மெழுகுறாங்க. நான் என்ன இந்த வீட்டுல வாடகைக்கு இருக்கேனா? நீங்க போனப்புறம் உங்க ஆபீஸ்காரங்க வந்து எனக்குச் சொல்லணுமா?"

மீட்டர்காரர் எழுந்து அடுப்பை அணைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லை."

"பொய் சொல்லாதீங்க."

"சத்தியமா ஒண்ணும் இல்லை. போன மாசம் ஆபீஸ்ல எல்லாரையும் நிக்க வெச்சு டெஸ்ட் எடுத்தாங்க. இன்னும் கொஞ்சம் சதை போடுங்கன்னாங்க. அவ்வளவுதான்."

"அப்ப இது?" அவள் மேஜையைக் காட்டினாள்.

அவர் தலை சீவிய காயை ஓரமாக நகர்த்தினார். பிறகு, "அது அவளுக்கு" என்றார்.

டேப் அக்காவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான். மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். சாக மாட்டார். இந்த மனுஷன் சாக மாட்டார். அவர் சொல்லச் சொல்ல அவள் பாதி காதில் வாங்கினாள். மூத்த தாரத்துக்கு நாலு வருஷம் கிட்னி சரியில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாள் அவரை உட்காரவைத்து, எந்தக் காய், எத்தனை தண்ணீர், எப்படி வடிப்பது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அதற்கு முன் அவருக்கு அடுப்புப் பற்றவைக்கக்கூடத் தெரியாது.

"எனக்குத் தெரிஞ்ச சமையல் இது ஒண்ணுதான். நீ வந்த அன்னிக்கு உனக்கு என் கையால சமைச்சுப் போடணும்னு ஆசை. நல்லா இருக்குன்னே. உனக்குப் பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்" என்றார். "மூத்தவ பேச்சையே எடுக்காதே, வந்தவ மனசு நோகும்னு அக்கா சொன்னா. அதான் சொல்லலை."

"அந்த டம்ளர்?"

"அவ அவ்வளவுதான் குடிக்கணும். அவ முன்னாடி நான் சொம்பு சொம்பா குடிக்க முடியுமா? அப்படியே பழகிடுச்சு."

நல்ல உடம்போடு இருக்கிற இரண்டு பேர் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒருவருக்கு ஒருவர் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்த ஒருத்தியின் பத்தியச் சாப்பாட்டை ஒன்றரை வருஷம் தின்றிருக்கிறார்கள். இந்தச் சாப்பாட்டைத் தின்றால் பேன்ட் லூசாகாமல் என்ன செய்யும்? டேப் அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் செய்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வேறொன்று உறைத்தது. அப்படியானால் அவர் தினமும் துண்டைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது யாருக்கு? குடைவதை நிறுத்திவிட்டு எங்கேயோ பார்த்தது யாரை? இந்த மேஜையில் மூத்தவள் உட்கார்ந்த இடம் இன்னும் காலியாகவே இல்லை. டேப் அக்கா அதற்கு மேலேயே உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான்.

நிமிர்ந்து பார்த்தாள். மீட்டர்காரர் அழுதுகொண்டிருந்தார். சத்தமே இல்லை. தோள் மட்டும் குலுங்கியது.

"என்னங்க இது? நான் ஏதாவது தப்பா..."

"என்னோடது சேரலைன்னுட்டாங்க" என்றார். "முதல்ல என்னோடதைத்தான் எடுக்கச் சொன்னேன். சேரலை. அப்புறம் அவ கூடப் பொறந்தவங்க வீடு ஒவ்வொண்ணா ஏறி இறங்கினேன். கையைப் பிடிச்சுக் கேட்டேன். காலைப் பிடிக்காத குறை. டீ கொடுத்தாங்க. பாக்கலாம்னாங்க. ஒருத்தரும் திரும்பக் கூப்பிடலை. அவளுக்குத் தெரியாது. உன் அண்ணன் தரேன்னு சொல்லியிருக்கார்னு கடைசி வரைக்கும் பொய் சொல்லிட்டே இருந்தேன்."

டேப் அக்கா எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றாள். தோளில் கை வைப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"கேட்காமலே தரேன்னு வந்து உக்காந்திருக்கே நீ" என்றார். அழுகையில் வார்த்தை உடைந்தது. "ஒரு அஞ்சு வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. அஞ்சு வருஷம் முன்னால் அவள் வந்திருந்தால் மூத்தவள் பிழைத்திருப்பாள். இந்த மேஜையில் அவரும் மூத்தவளும் உட்கார்ந்து காய் குடைந்துகொண்டிருப்பார்கள். டேப் அக்கா எங்கேயோ ஒரு அறையில் டிவியைப் போட்டுவிட்டு, டீயில் ரொட்டியை நனைத்துக்கொண்டிருப்பாள். கோபம் வர வேண்டிய இடம் அது. வரவில்லை.

"வந்திருந்தா கொடுத்திருப்பேங்க" என்றாள்.

ஆறுதலுக்காகச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லி முடித்தபோது அது நிஜம் என்று தெரிந்தது. முகம் தெரியாத அந்த மனுஷிக்குக் கொடுத்திருப்பாள், கொடுத்துவிட்டுத் தன் அறைக்குத் திரும்பிப் போயிருப்பாள்.

மீட்டர்காரர் தலை நிமிராமல் கையை நீட்டி, முட்டைகோஸ் ஈரம் காயாத அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு இறுக்கமாக அவர் இதுவரை அவளைப் பிடித்ததில்லை. தன் கையைத்தான் பிடித்திருக்கிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் விடுகிற வரைக்கும் அவள் கையை எடுக்கவில்லை.